கார்டு போகவில்லை, கேபிள்தான் இடம் மாறியிருக்கிறது

கேள்வி: படங்களைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். மேசையில் இரண்டு மானிட்டர்கள்: 27 அங்குல 4கே ஒன்று, பழைய ஃபுல் எச்டி ஒன்று. இரண்டு வருடமாக எந்தத் தொந்தரவும் இல்லை. சென்ற மாதம் மதர்போர்டும் பிராசஸரும் மாற்றினேன் (இப்போது இருப்பது ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை). 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு பழையதேதான். அதிலிருந்து போட்டோஷாப் ஜன்னலைச் சின்ன மானிட்டருக்கு இழுத்தால் படம் கறுத்துப்போகிறது. பிரஷ் கோடு கைக்குப் பின்னால் தயங்கித் தயங்கி வருகிறது. சில நேரம் திரை ஒரு கணம் இருண்டு மீள்கிறது. உடனே டிஸ்ப்ளே டிரைவரில் சிக்கல் என்று ஒரு செய்தி எழுகிறது. மென்பொருளை மூன்று முறை நீக்கி நிறுவிப் பார்த்துவிட்டேன். விவரம் தெரிந்த நண்பர், கார்டு போய்விட்டது, புதிது வாங்கு என்கிறார். இன்னொன்று: ஒரே படம் இரண்டு மானிட்டரிலும் இரண்டு விதமான நிறத்தில் தெரிகிறது. அதுவும் இதே கோளாறுதானா?

பதில்: புதிய கார்டு வாங்கும் பேச்சை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். கறுக்கும் படத்தையும் தயங்கும் பிரஷையும் விட, ‘மதர்போர்டும் பிராசஸரும் மாற்றினேன்’ என்று போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் வரிதான் என்னை நிறுத்தியது. நன்றாக ஓடிய கார்டு, பெட்டியைத் திறந்து மூடிய சமயம் பார்த்துக் கெட்டுப்போவது நடக்காத காரியமில்லை. ஆனால் அதைச் சந்தேகிப்பதற்கு முன் சந்தேகிக்க வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றில் முதலாவது, சின்ன மானிட்டரின் கேபிள்.

நாற்காலியை விட்டு எழாமலே ஒன்றைப் பார்த்துவிடலாம். விண்டோஸ் செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’, அதற்குள் ‘டிஸ்ப்ளே’, அதற்குள் ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’ என்று போங்கள். மேலே மானிட்டரைத் தேர்ந்தெடுக்க ஓர் இடம் இருக்கும். ஒவ்வொரு மானிட்டராகத் தேர்ந்தெடுத்தால், அது எந்தக் கிராஃபிக்ஸோடு இணைந்திருக்கிறது என்பதைக் கீழே ஒரு வரி சொல்லும். பெரிய மானிட்டருக்கு உங்கள் கார்டின் பெயர் வரும். சின்ன மானிட்டருக்கும் அதே பெயர் வந்தால் என் ஊகம் தவறு. நேராக டிரைவரைப் (கிராஃபிக்ஸை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) பற்றிச் சொல்லும் இடத்துக்குப் போய்விடுங்கள். ‘ஏஎம்டி ரேடியான் கிராஃபிக்ஸ்’ என்று மாடல் எண் எதுவும் இல்லாத மொட்டைப் பெயர் வந்தால், கோளாறு பிடிபட்டுவிட்டது. அந்த மானிட்டரை நடத்துவது உங்கள் கார்டு அல்ல, பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன கிராஃபிக்ஸ்.

இது எப்படி நேர்ந்திருக்கும் என்று சொல்கிறேன். மேசைக் கணினிக்கான பழைய ரைசன் பிராசஸர்களில் பெயரின் முடிவில் ‘ஜி’ எழுத்து இருந்தவற்றில்தான் உள் கிராஃபிக்ஸ் உண்டு. மற்றவற்றில் மதர்போர்டின் எச்டிஎம்ஐ போர்ட் வெறும் ஓட்டை. கேபிளைச் செருகினால் திரை இருட்டாகவே இருக்கும். தவறாகச் செருகியவர் அந்த நிமிடமே கண்டுபிடித்து மாற்றிவிடுவார். 2022இல் வந்த 7000 வரிசையில் ஏறக்குறைய எல்லாப் பிராசஸர்களிலும் சின்னதாக ஓர் உள் கிராஃபிக்ஸ் வந்துவிட்டது. இப்போது அதே போர்ட் உயிரோடு இருக்கிறது. தவறான இடத்தில் செருகினாலும் படம் வருகிறது, மவுஸ் நகர்கிறது, பிரவுசர் திறக்கிறது. எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரிவதால் யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. தவறு தெரியாமல் போனதற்குக் காரணம், தவறான இடமும் வேலை செய்வதுதான்.

உங்கள் நிலையில் இன்னொரு தூண்டுதலும் இருந்திருக்கும். இன்றைய கார்டுகள் பலவற்றில் டிஸ்ப்ளேபோர்ட் மூன்று, எச்டிஎம்ஐ ஒன்று என்றுதான் வைக்கிறார்கள். அந்த ஒரே எச்டிஎம்ஐயைப் பெரிய மானிட்டர் பிடித்துக்கொண்டால், பழைய மானிட்டரின் எச்டிஎம்ஐ கேபிளோடு நிற்பவர் என்ன செய்வார்? பக்கத்தில் மதர்போர்டில் அதே வடிவத்தில் ஒரு போர்ட் காலியாக இருக்கிறது. கை தானாக அங்கேதான் போகும்.

சரி, கணினியை அணைத்துவிட்டு டார்ச் எடுத்துக்கொண்டு பெட்டியின் பின்பக்கம் போங்கள். யுஎஸ்பி போர்ட்களும் ஸ்பீக்கர் செருகும் வட்டத் துளைகளும் கூட்டமாக இருக்கும் இடம் மதர்போர்டினுடையது. அங்கே செங்குத்தாக நிற்கும் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் எல்லாம் பிராசஸருக்குச் சொந்தம். அதற்குக் கீழே, தகட்டுப் பட்டையில் படுக்கைவாட்டில் வரிசையாக இருப்பவைதான் கார்டின் போர்ட்கள். புதுக் கார்டாக இருந்தால் பயன்படுத்தாத போர்ட்களில் பிளாஸ்டிக் மூடி மாட்டியிருப்பார்கள். இரண்டு வருடமாக அது கழற்றப்படாமலே தூசி பிடித்துக் கிடப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். இரண்டு மானிட்டர் கேபிள்களும் இந்தக் கீழ் வரிசையில் இருக்க வேண்டும். மேலே ஒன்றுகூட இருக்கக் கூடாது.

பெரிய மானிட்டரை டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாற்றுங்கள். 4கே மானிட்டர்களில் பெரும்பாலும் அந்தப் போர்ட் இருக்கும், கேபிளும் மானிட்டரின் அட்டைப் பெட்டியிலேயே கிடக்கும். காலியான எச்டிஎம்ஐயைப் பழைய மானிட்டருக்குக் கொடுங்கள். அடாப்டர் வாங்க நேர்ந்தால் திசையைக் கவனியுங்கள்: கார்டின் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து மானிட்டரின் எச்டிஎம்ஐக்குப் போகச் சாதாரண அடாப்டர் போதும். எதிர்த்திசையில், அதாவது கார்டின் எச்டிஎம்ஐயிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு, அது வேலை செய்யாது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தவறானதை வாங்கிவந்து மானிட்டர் போய்விட்டது என்று நினைப்பவர்கள் உண்டு.

மாற்றிய பிறகு அதே அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்துக்குத் திரும்ப வாருங்கள். இரண்டு மானிட்டருக்கும் ஒரே பெயர் வர வேண்டும். பெரிய மானிட்டரின் ரெஃப்ரெஷ் வேகம் 60 ஹெர்ட்ஸா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 30 என்று காட்டினால் கேபிளோ போர்ட்டோ பழைய எச்டிஎம்ஐ 1.4 தரத்தில் இருக்கிறது; அதில் 4கே படம் நொடிக்கு 30 முறைதான் போகும். மவுஸும் பிரஷும் எண்ணெய் வற்றிய வண்டிச் சக்கரம்போலத் தடுமாறும். கிராஃபிக்ஸ் மோதல் என்று என்னிடம் வரும் புகார்களில் சில, இந்த 30 ஹெர்ட்ஸில்தான் முடிகின்றன.

ஒரு கேபிளுக்கு இத்தனை அமர்க்களமா என்று நீங்கள் கேட்கலாம். திரைக்குப் பின்னால் நடப்பதைத் தெரிந்துகொண்டால் நியாயம் புரியும்.

படத் திருத்த மென்பொருள் தொடங்கும்போது கணினியில் என்னென்ன கிராஃபிக்ஸ் இருக்கின்றன என்று பார்த்து, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. பிறகு படத்தைப் பெரிதாக்குவது, திருப்புவது, பிரஷ் கோட்டைத் திரையில் காட்டுவது எல்லாம் அந்த ஒன்றின் நினைவகத்தில் நடக்கின்றன. ஜன்னல் அதே கார்டின் மானிட்டரில் இருக்கும்வரை, வரைந்த இடத்திலிருந்தே படம் திரைக்குப் போய்விடும். ஜன்னலை வேறொரு கிராஃபிக்ஸின் மானிட்டருக்கு இழுத்தால், படம் வரையப்படுவது ஓரிடம், காட்டப்பட வேண்டியது வேறிடம் என்று ஆகிவிடுகிறது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். நடுவில் விண்டோஸ் தலையிட்டு, கார்டின் நினைவகத்தில் வரைந்த ஒவ்வொரு படத்தையும் நகலெடுத்துக் கணினியின் பொது நினைவகம் வழியாக மற்ற கிராஃபிக்ஸுக்கு ஒப்படைக்கிறது.

எவ்வளவு சுமை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் சின்ன மானிட்டரில் 1920 பெருக்கல் 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால் திரை நிறைந்த ஒரு படம் 8.3 எம்பி வருகிறது. நொடிக்கு 60 முறை என்றால் ஏறக்குறைய 500 எம்பி. இன்றைய கணினிக்கு இது தூக்க முடியாத சுமை இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் இரண்டு டிரைவர்களும் ஒன்றுக்கொன்று காத்திருந்து கைமாற்ற வேண்டும். பிரஷ் தயங்குவது அந்தக் காத்திருப்பில்தான். கைமாற்றும் சமயத்தில் ஒரு டிரைவர் மற்றதைப் புரிந்துகொள்ளாமல் விழித்தால், உங்களுக்குக் கிடைப்பது கறுப்புச் சதுரம். பிரவுசரிலும் கணக்கு அட்டவணையிலும் இது தெரியாது. அவை திரையை இவ்வளவு பாடாய்ப் படுத்துவதில்லை.

திரை இருண்டு மீள்வதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கொடுத்த வேலை 2 நொடிக்குள் நகராமல் நின்றால், அது மூர்ச்சையாகிவிட்டது என்று முடிவுகட்டி விண்டோஸ் டிரைவரை நிறுத்தித் திரும்பத் தொடங்குகிறது. விஸ்டா காலத்திலிருந்து இருக்கும் ஏற்பாடு இது. முன்பெல்லாம் இதே நிலையில் கணினி முழுவதும் உறைந்துபோகும். அதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் டிரைவர் மீண்டு வரும்போது போட்டோஷாப் அந்தக் கார்டின் நினைவகத்தில் வைத்திருந்தவை போய்விடுகின்றன. ஆகவே அது கார்டின் துணையை விட்டுவிட்டு, நீங்கள் பார்த்த செய்தியைப் போடுகிறது. ‘ஈவென்ட் வியூவர்’ என்ற நிரலைத் திறந்து, சிஸ்டம் பதிவுகளில் 4101 என்ற எண்ணைத் தேடுங்கள். டிரைவர் பதில் சொல்லாமல் நின்று மீண்ட ஒவ்வொரு முறையும் அங்கே நேரத்தோடு பதிவாகியிருக்கும், எந்த டிரைவர் என்றும் எழுதியிருக்கும். கேபிள் மாற்றுவதற்கு முன் எத்தனை, பின் எத்தனை என்று ஒரு வாரம் எண்ணிப்பாருங்கள். ‘இப்போது பரவாயில்லை போலிருக்கிறது’ என்ற மனக்கணக்கை நம்புவதைவிட இது நல்லது.

அந்த 2 நொடியை, விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் போய் 10, 20 என்று நீட்டிவிடச் சொல்பவர்கள் உண்டு. வழி இருக்கிறது, சில கனமான வேலைகளுக்கு அது தேவையும்கூட. உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அலாரம் அடிக்கிறது என்று மணியைத் துணியால் சுற்றிவைப்பதுபோல அது.

மென்பொருளை மூன்று முறை நீக்கி நிறுவியது ஏன் உதவவில்லை என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. கேபிளும் டிரைவரும் மென்பொருளுக்கு வெளியே இருப்பவை. போதாக்குறைக்கு, நீக்கும்போது அமைப்புகளையும் சேர்த்து அழி என்று நீங்கள் தனியாகச் சொல்லாவிட்டால் பழைய அமைப்புகள் அப்படியே தங்கிவிடும். நீங்கள் மூன்று முறையும் அதே பழைய வீட்டுக்குப் புதிய கதவு போட்டிருக்கிறீர்கள். அமைப்புகளை மட்டும் புதிதாக்க வேண்டுமென்றால் நீக்கவே தேவையில்லை: போட்டோஷாப்பைத் தொடங்கியவுடன் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திப் பிடித்தால், அமைப்புகளை அழிக்கட்டுமா என்று அதுவே கேட்கும். உங்கள் பிரஷ்களையும் ஆக்‌ஷன்களையும் முன்னதாகத் தனியே சேமித்துவைத்துக்கொள்ளுங்கள். இதை மறந்துவிட்டு நான் வருந்தியிருக்கிறேன்.

கேபிள் மாற்றிய பின் செய்ய வேண்டிய இரண்டு மூன்று வேலைகள் பாக்கி. போட்டோஷாப்பில் ‘எடிட்’ மெனுவில் ‘பிரிஃபரன்சஸ்’, அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்துக்குப் போங்கள். எந்தக் கிராஃபிக்ஸைக் கண்டுகொண்டிருக்கிறது என்று அங்கே பெயர் இருக்கும். ‘யூஸ் கிராஃபிக்ஸ் பிராசஸர்’ என்பதில் டிக் இருக்க வேண்டும். சிக்கல் வந்த நாட்களில் அந்த டிக் தானாகப் போயிருக்கலாம். போட்டோஷாப் தொடங்கும்போது ஒரு சின்ன துணை நிரல் கார்டைச் சோதித்துப் பார்க்கிறது. அந்தச் சோதனை பாதியில் நின்றால் கார்டே வேண்டாம் என்று ஒதுக்கிவிடும். டிக் போடாமல் விட்டால் எல்லாம் அமைதியாக ஓடும், சிக்கல் தீர்ந்ததுபோலத் தெரியும். உண்மையில் கார்டின் வேலையையும் பிராசஸர் தலையில் கட்டியிருக்கிறீர்கள். சில வசதிகள் மெனுவில் மங்கலாகிவிட்டிருக்கும். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் டிக்கை எடுத்துப் பார்ப்பது சரி. அதையே தீர்வாக வைத்துக்கொள்வது, கால் வலிக்கிறது என்று நடப்பதையே விட்டுவிடுவது மாதிரி.

விண்டோஸிலும் ஒரு சொல் சொல்லிவைக்க வேண்டும். ‘டிஸ்ப்ளே’ பக்கத்தின் கீழ்ப்பகுதியில் ‘கிராஃபிக்ஸ்’ என்று ஓர் இடம் உண்டு. 2018இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, எந்த மென்பொருள் எந்தக் கிராஃபிக்ஸைப் பயன்படுத்த வேண்டும் என்று அங்கே தனித்தனியாகச் சொல்லலாம். போட்டோஷாப்பைச் சேர்த்து ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ என்று தேர்ந்தெடுங்கள். லைட்ரூம் வைத்திருந்தால் அதையும் சேர்த்துவிடுங்கள். மென்பொருளை மூடித் திறந்தால்தான் இது நடைமுறைக்கு வரும். இந்த அமைப்பை மட்டும் செய்துவிட்டுக் கேபிளை அப்படியே விட்டால் பயன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரைவது யார் என்பதைத்தான் இது தீர்மானிக்கிறது, மானிட்டர் யாரிடம் இருக்கிறது என்பதை அல்ல.

உள் கிராஃபிக்ஸை ஒரேயடியாக அணைத்துவிடலாமா என்றால், படத் திருத்தம் மட்டும் செய்பவருக்கு அணைக்கலாம் என்பதே என் கட்சி. மதர்போர்டின் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) அதற்கு வழி இருக்கும். முதலில் ‘டிவைஸ் மேனேஜர்’ நிரலில் ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ பட்டியலைத் திறந்து, உள் கிராஃபிக்ஸின் பெயர் மேல் வலது கிளிக் செய்து தற்காலிகமாக அணைத்து இரண்டு நாள் வேலை செய்து பாருங்கள். இரண்டு மானிட்டரும் கார்டுக்கு மாறிய பிறகே இதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் சின்னத் திரை கையோடு இருண்டுவிடும். வீடியோ வேலையும் செய்கிறீர்கள் என்றால் அவசரப்பட வேண்டாம். சில வீடியோ மென்பொருள்கள் உள் கிராஃபிக்ஸையும் பயன்படுத்திக்கொள்கின்றன.

அந்தப் பட்டியலைத் திறக்கும்போது கண்ணை நன்றாக ஓட்டுங்கள். ஒரு முறை என் சொந்தக் கணினியிலேயே இதுபோன்ற கறுப்புச் சதுரம் வந்து, ஒரு பகல் முழுவதும் டிரைவரைப் போடுவதும் எடுப்பதுமாகக் கழித்தேன். மாலையில்தான் அந்தப் பட்டியலில் மூன்றாவதாக ஒரு பெயர் இருப்பதைப் பார்த்தேன். தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் ஒன்று, இல்லாத ஒரு மானிட்டருக்காகப் பொய்யான கிராஃபிக்ஸ் ஒன்றை நட்டுவைத்துப் போயிருந்தது. அந்த மென்பொருளை நான் நீக்கியே பல மாதம் ஆகியிருந்தது. பெயரை வலது கிளிக் செய்து நீக்கினேன். அரை நிமிட வேலை. உங்கள் பட்டியலிலும் உங்களுக்குத் தெரியாத பெயர் ஏதாவது இருந்தால் முதலில் அதை விசாரியுங்கள்.

யுஎஸ்பியில் மாட்டி மானிட்டர் எண்ணிக்கையைக் கூட்டும் டாக் பெட்டிகளில் ஒரு வகையும் இதே கதைதான். டிஸ்ப்ளேலிங்க் தொழில்நுட்பம் கொண்டவை படத்தைப் பிராசஸரைக் கொண்டு சுருக்கி, யுஎஸ்பி வழியாக அனுப்பி, மறுமுனையில் விரிக்கின்றன. கடிதம் எழுத, விலைப்பட்டியல் பார்க்க அந்த மானிட்டர் போதும். படத் திருத்த ஜன்னலை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

இனி டிரைவர். மதர்போர்டு மாறியும் விண்டோஸை நீங்கள் புதிதாக நிறுவவில்லை என்று நினைக்கிறேன். அப்படியானால் பழைய டிரைவரின் மிச்சங்கள், விண்டோஸ் தானாக இறக்கிய உள் கிராஃபிக்ஸ் டிரைவர் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். கார்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய டிரைவரை முதலில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இணையத்தைத் துண்டித்துவிட்டுப் பழையதை நீக்குங்கள்; துண்டிக்காவிட்டால் நீங்கள் நீக்கி முடிப்பதற்குள் விண்டோஸ் தன்னிடம் இருக்கும் பழைய பதிப்பைச் செருகிவிடும். சாதாரணமாக நீக்கியும் சிக்கல் தொடர்ந்தால், சேஃப் மோடில் (விண்டோஸ் அத்தியாவசியமானவற்றோடு மட்டும் தொடங்கும் நிலை) போய் ‘டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்’ என்ற இலவச நிரலால் வேரோடு துடைத்துவிடலாம். என்விடியா கார்டாக இருந்தால் டிரைவர் இரண்டு வகையாகக் கிடைக்கும்: விளையாட்டுகளுக்கு ‘கேம் ரெடி’, உங்களைப் போன்றவர்களுக்கு ‘ஸ்டூடியோ’. இரண்டாவதை எடுங்கள். புதிய விளையாட்டு வெளிவரும்போதெல்லாம் அவசரமாக மாறிக்கொண்டிருக்கும் டிரைவர் உங்களுக்கு எதற்கு? நேற்றுவரை ஓடியது, அப்டேட் ஆனதும் நின்றது என்றால், டிவைஸ் மேனேஜரில் டிரைவரை முந்தைய பதிப்புக்குத் திருப்பும் பொத்தான் இருக்கிறது, அதுவே போதும்.

லேப்டாப்பில் வேலை செய்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. பல லேப்டாப்களில் சொந்தத் திரை உள் கிராஃபிக்ஸிலும், வெளியே மாட்டும் எச்டிஎம்ஐ தனிக் கார்டிலும் இணைக்கப்பட்டிருக்கும். கேபிளை எங்கே மாற்றினாலும் அது மாறாது. வெளி மானிட்டரைப் பிரதான மானிட்டராக வைத்து, திருத்த ஜன்னலை அங்கேயே நிறுத்தி, லேப்டாப் திரையைக் கோப்புகளுக்கு விட்டுவிடுவதுதான் அங்கே சமாதானமான வழி. சில மாடல்களில் எல்லாத் திரைகளையும் தனிக் கார்டுக்கே மாற்றும் ஏற்பாடு பயாஸில் உண்டு. பேட்டரி சீக்கிரம் தீரும், சிக்கலும் தீரும்.

நிறம் பற்றிய உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பெரும்பாலும் அது வேறு கோளாறு. ஒரு சின்ன இடத்தில் மட்டும் இரண்டும் சந்திக்கின்றன.

இரண்டு மானிட்டர்கள் ஒரே நிறத்தைக் காட்டுவதில்லை. ஒரே மாடலில் இரண்டு வாங்கினாலும் சிறு வித்தியாசம் இருக்கும். வயதும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதைச் சரிக்கட்டத்தான் ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனியாக நிற விவரக்கோப்பு, அதாவது ஐசிசி புரொஃபைல் இருக்கிறது. ஜன்னல் எந்த மானிட்டரில் இருக்கிறதோ அதன் கோப்பைப் பார்த்துப் போட்டோஷாப் நிறத்தை மாற்றிக் காட்டும். கோப்பு தவறாக இருந்தால், காட்டும் நிறமும் தவறு. உங்கள் மானிட்டர்களை அளவுக் கருவி வைத்து முன்பே அளந்திருந்தீர்கள் என்றால், கேபிளை ஒரு கிராஃபிக்ஸிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது விண்டோஸ் அதைப் புதிய மானிட்டராக எடுத்துக்கொண்டு பழைய கோப்பைக் கைவிட்டிருக்கக்கூடும். இரண்டும் சந்திக்கும் இடம் என்று சொன்னது இதைத்தான். ‘கலர் மேனேஜ்மென்ட்’ அமைப்பில் போய் ஒவ்வொரு மானிட்டருக்கும் உரிய கோப்பு இருக்கிறதா பாருங்கள். மதர்போர்டு மாற்றிய அன்று ஒரு முறை போயிருக்கும். இப்போது கேபிளை மாற்றியதும் இன்னொரு முறை போகலாம். முடிந்தால் கேபிள் வேலை முடிந்த பிறகு இரண்டையும் புதிதாக அளந்துவிடுங்கள். வெண்மைக்கு 6500 கெல்வின், ஒளிர்வுக்கு சதுர மீட்டருக்கு 120 கேண்டலா என்று இரண்டுக்கும் ஒரே இலக்கு வையுங்கள். பழைய மானிட்டர் 120ஐ எட்டாவிட்டால் பெரியதையும் அதன் அளவுக்கு இறக்குங்கள்.

சின்ன மானிட்டரில் கறுப்பு மட்டும் சாம்பல் பூத்ததுபோல வெளிறித் தெரிந்தால் அது வேறு. எச்டிஎம்ஐயில் மாட்டிய மானிட்டரைச் சில சமயம் கார்டு தொலைக்காட்சி என்று நினைத்துக்கொண்டு, 0 முதல் 255 வரை அனுப்ப வேண்டிய ஒளி அளவுகளை 16 முதல் 235 வரை குறுக்கி அனுப்பும். கார்டின் கட்டுப்பாட்டு நிரலில் வெளியீட்டு வீச்சை ‘ஃபுல்’ என்று மாற்றினால் கறுப்பு கறுப்பாகிவிடும். விண்டோஸில் எச்டிஆர் (ஒளி-இருள் வீச்சைக் கூட்டிக் காட்டும் வசதி) ஏதாவது ஒரு மானிட்டருக்கு மட்டும் போட்டிருந்தாலும் அணைத்துவிடுங்கள். போட்டோஷாப்பின் கிராஃபிக்ஸ் அமைப்பில் ‘30 பிட் டிஸ்ப்ளே’ (நிறங்களை இன்னும் நுணுக்கமான படிகளில் காட்டுவது) என்று ஒன்று இருந்தால், உங்கள் பழைய மானிட்டர் இருக்கும்வரை அதில் டிக் வேண்டாம். இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் சிறு வேறுபாட்டோடு வாழப் பழக வேண்டியதுதான். நிறத்தைத் தீர்மானிப்பது பெரிய மானிட்டரில் மட்டும் என்று வைத்துக்கொண்டு, சின்னதில் லேயர் பட்டியலையும் கோப்புகளையும் வையுங்கள். நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

ஜன்னல் திரை மாறும்போது எழுத்துகள் சட்டென்று பெரிதாவதும் சிறிதாவதும் மோதல் அல்ல. 4கேயில் 150 சதவீதம், ஃபுல் எச்டியில் 100 சதவீதம் என்று அளவு வேறுபடுவதால் நடப்பது, விட்டுவிடுங்கள்.

கார்டு மாற்ற வேண்டியது எப்போது என்றும் சொல்லவேண்டும், நண்பருக்குப் பதில் சொல்ல உதவும். 24 மெகாபிக்சல் படம் ஒன்று, 16 பிட் ஆழத்தில், 144 எம்பி. லேயர்கள் கூடினால் பெருகும், ஆனால் அந்தச் சுமையில் பெரும்பங்கைத் தாங்குவது கணினியின் பொது நினைவகம். 4கே திரைக்கு 4 ஜிபி கார்டு இருந்தால் நல்லது என்று அடோபி சொல்கிறது. உங்களிடம் 8 இருக்கிறது. ஆகவே போதாமை இல்லை. பழுது என்றால் அது ஆளைப் பார்த்து வராது: ஒரே மானிட்டர் வைத்தாலும், வேறு மென்பொருளிலும், கணினி தொடங்கும் முன் வரும் பயாஸ் திரையிலும்கூடக் கோடுகளும் வண்ணப் புள்ளிகளும் வரும். உங்களுக்கு அப்படி வருவதாக நீங்கள் எழுதவில்லை. சந்தேகம் தீர, சின்ன மானிட்டரின் கேபிளை முழுவதுமாகக் கழற்றிவிட்டு ஒரு நாள் வழக்கமான வேலையைச் செய்து பாருங்கள். அன்று முழுவதும் கறுப்பும் வரவில்லை, 4101 பதிவும் விழவில்லை என்றால் கார்டு நலமாக இருக்கிறது. நண்பர் பேச்சைக் கேட்டுப் புதியது வாங்கியிருந்தால், சின்ன மானிட்டரின் கேபிள் மதர்போர்டிலேயே இருந்திருக்கும். புதிய கார்டிலும் இதே கறுப்புச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

எல்லாம் செய்தும் தொடர்ந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது போட்டோஷாப்பின் ‘ஹெல்ப்’ மெனுவில் உள்ள ‘சிஸ்டம் இன்ஃபோ’ பக்கத்தை முழுவதுமாக நகலெடுத்து இணையுங்கள். கண்டுபிடித்த கிராஃபிக்ஸ் எல்லாவற்றையும் டிரைவர் விவரங்களோடு அது வரிசையாகச் சொல்லும். கூடவே பெட்டியின் பின்பக்கத்தை ஒரு படம் பிடித்து அனுப்புங்கள், தூசியைத் துடைக்காமலே.